பள்ளி விட்ட பிறகு பிள்ளை எங்கே?

(தோட்ட மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். இன்று சம்பளத்தோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். பள்ளி விட்ட நேரத்திலிருந்து நீங்கள் மலையிலிருந்து வீடு திரும்பும் நேரம் வரை உங்கள் பிள்ளையை யார் பார்ப்பது?

நேரத்தைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். எங்கள் பாடசாலையில் முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்கு 11.30 மணிக்கு மணி அடிக்கிறோம். பெரிய வகுப்புகள் 1.30க்கு விடும். நீங்கள் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகிறது. ஆறு வயதுப் பிள்ளை ஆசிரியரோடு இருப்பது 4 மணித்தியாலம். அதன் பிறகு அம்மா வரும்வரை 5½ மணித்தியாலம். மலை கிட்ட இருந்தால் பகல் சாப்பாட்டுக்கு ஓடி வந்து பார்ப்பீர்கள். தூரத்து மலையில் வேலை போட்டால் அதுவும் இல்லை. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறை என்றால் முழு நாளும் இதே கதைதான்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பசித்த பிள்ளை தானே அடுப்பை மூட்டுகிறது. மழைக்காலத்தில் கான் நிறையத் தண்ணீர் ஓடும்போது அதில்தான் விளையாட்டு. தேயிலைக்குள் குளவிக்கூடு இருப்பதோ பாம்பு இருப்பதோ சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. ஆளில்லாத லயத்தில் பிள்ளை தனியாக இருக்கிறது என்று தெரிந்து வரும் கெட்ட மனிதர்களும் உண்டு. இதைச் சபையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

இன்னொரு பிள்ளையையும் நினையுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த மகளை வீட்டில் நிறுத்துகிறோம். முதலில் வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள். வரவுப் புத்தகத்தை வைத்திருப்பவர்கள் நாங்கள். அந்த வெற்றுக் கட்டங்கள் எங்கள் கண்ணில் படுகின்றன. சட்டப்படி 16 வயது வரை பிள்ளை படிக்க வேண்டும். ஆனால் வீட்டில் வேறு வழியில்லாத தாயைத் திட்டி என்ன பயன்? வழியைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

"எங்கள் காலத்திலும் இப்படித்தானே வளர்ந்தோம் மாஸ்டர்" என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காலத்தில் லயத்தில் ஆள் இருந்தது. பென்ஷன் எடுத்த பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்துக் காம்பராப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். இன்று வாலிபர்கள் கொழும்பில் கடைகளிலே நிற்கிறார்கள். எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கில். பாட்டியும் கைக்காசுக் கொழுந்துக்குப் போகிறார்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. முன்பு பிள்ளைக் காம்பரா என்றால் சேலையில் தொட்டில் கட்டி ஒரு வயசான அம்மாவை உட்கார வைத்தார்கள். இன்று பல தோட்டங்களில் அது பயிற்சி பெற்ற உத்தியோகத்தரோடு சிறுவர் அபிவிருத்தி நிலையமாகியிருக்கிறது. கேட்டுக் கேட்டுத்தான் அது மாறியது. ஆனால் பிள்ளை முதலாம் தரத்துக்குப் போன நாளிலேயே அந்தக் கதவு மூடிவிடுகிறது. நேற்று வரை பராமரிப்புத் தேவைப்பட்ட பிள்ளை இன்று பெரிய ஆளாகிவிட்டதா?

இது தொழிற்சங்கத்தின் வேலையா என்று கேட்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய பேர் போகிறது? பிள்ளையை நினைத்துப் பகலோடு திரும்பி வரும் பெண்ணுக்கு அரைப்பேர். கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு. ஆகவே இது வேலை நிலைமை பற்றிய பிரச்சினை. 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளம் சம்பளச் சபைக்குப் போனது. அங்கே நாட்சம்பளம்தான் பேசப்படும். பிள்ளையின் பின்னேரத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதை நாம்தான் தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துப் பேச வேண்டும்.

நமது கோரிக்கை பெரியதல்ல. சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலோ அதன் பக்கத்திலோ முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரையான பிள்ளைகளுக்கு ஓர் அறை. அது இல்லாத டிவிசனில் கலாசார மண்டபம் அல்லது பாடசாலையில் ஒரு வகுப்பறை. பாடசாலை என்றால் அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிடமும் அனுமதி எடுக்க வேண்டும். திறக்கும் நேரம் பள்ளி விட்டதிலிருந்து அந்தி நிறுவை முடிந்து தாய் வரும் வரை. குடிக்கச் சுத்தமான தண்ணீர், ஒரு நேரச் சிற்றுண்டி, மலசலகூடம், படுக்கப் பாய்.

பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தனியாக இருக்கக்கூடாது. அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, பார்ப்பவருக்கும் பாதுகாப்பு. அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். பென்ஷன் எடுத்த அம்மாதானே, சும்மா பார்க்கட்டும் என்று சொல்வதை நாமே ஏற்கக்கூடாது. வந்த பிள்ளை, போன பிள்ளை, யார் கையில் ஒப்படைத்தது என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். தாய் பெயர் கொடுத்தவரைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை அனுப்பக்கூடாது, சொந்த மாமா என்றாலும்.

"காசு இல்லை" என்று நிர்வாகம் சொல்லும். பிள்ளைக் கவலையால் மலையில் நிற்காமல் போகும் கொழுந்தும் காசுதான் என்று நாம் சொல்வோம். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசாங்கம், கம்பனிகளோடு தொழிற்சங்கங்களுக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நமது பிரதிநிதிகள் இதைப் பேச, கீழேயிருந்து நமது கையெழுத்துப் போக வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க முடியாது. இந்த வாரமே மூன்று வேலை. ஒன்று, லயத்துக்கு ஒரு பெண் பொறுப்பெடுத்து, பின்னேரம் தனியாக இருக்கும் பிள்ளைகளின் பெயர், வயது, தரம் எழுதித் தலைவியிடம் கொடுங்கள். கணக்கு இல்லாமல் போய்ப் பேசினால் நிர்வாகம் சிரிக்கும். இரண்டு, பக்கத்துக் காம்பராக்காரர் மூன்று நான்கு பேர் சேர்ந்து, வேலைக்குப் போகாத ஆள் யார் வீட்டில் எந்த நாள் இருக்கிறார் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அடிக்காமல் கேளுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கவ்வாத்துக்கோ புல்வெட்டுக்கோ போய் நேரத்தோடு வேலை முடித்து வருபவர்கள் அநேகமாக நீங்கள்தான். வந்ததும் பீலிக்குப் போய்க் குளித்துவிட்டுச் சந்திக்குப் போகிறீர்கள். பிள்ளைக்குச் சோறு போட்டு, கொப்பியை விரித்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவும் சங்க வேலைதான்.

பட்டியல் வந்த பிறகு கோரிக்கைக் கடிதத்தை இங்கேயே வாசித்து, எல்லோரும் கையெழுத்திட்டுப் பெரியதுரையிடம் கொடுப்போம். கொடுக்கப் போகும்போது தாய்மாரும் முன்னால் நிற்க வேண்டும்.