டிரினிடாடில் மூடப்பட்ட எண்ணெய் நிறுவனம்

நட்டத்தில் இயங்கும் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிடுவதா என்னும் வினா பொருளாதாரப் பாடநூல்களில் எளிய கணக்காகவே தோன்றும். விற்று வரும் வருவாய் அன்றாடச் செலவுக்கே போதவில்லையெனில் கதவைச் சாத்துவதே விதி. உரிமையாளர் அரசாக இருக்கும்போது கணக்கு அத்துணை எளிதாக முடிவதில்லை. ஒரு பேரேட்டில் நீங்கிய செலவு, அரசின் மற்றொரு பேரேட்டில் வந்து அமர்கிறது. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாட்-டொபேகோ நாட்டில், பெட்ரோட்ரின் என்னும் அரசு எண்ணெய் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் மூடப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 14 இலட்சம் மக்களே வாழும் சிறு நாடு அது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர், 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் வழித்தோன்றல்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்திலும், ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலும் கப்பல் ஏறியவர்கள். எண்ணெய் வயல்களின் நடுவே உள்ள ஃபைசாபாத் என்னும் ஊர், அயோத்திச் சீமையின் ஃபைசாபாத் பெயரைத் தாங்கியது. 1937 ஜூன் 19 அன்று எண்ணெய்த் தொழிலாளர் கிளர்ச்சி வெடித்தது அவ்வூரில்தான். யுரையா பட்லர் அதற்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டில் எண்ணெய் வயல் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ஏட்ரியன் கோலா ரியன்சி. கிருஷ்ண தேவநாராயண் என்பது அவருடைய இயற்பெயர். கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கும் அவரே தலைவராக இருந்தார். ஆப்பிரிக்க மரபினரான எண்ணெய்த் தொழிலாளரும் இந்திய மரபினரான கரும்புத் தொழிலாளரும் ஒருவர் தலைமையில் இணைந்தது, அந்நாட்டு வரலாற்றில் அரிய நிகழ்ச்சி எனலாம்.

பாயிண்ட்-அ-பியேர் என்னுமிடத்தில் உள்ள சுத்திகரிப்பு ஆலை 1917இல் தோன்றியது. 1956இல் அமெரிக்க டெக்சாகோ நிறுவனம் அதனை வாங்கிற்று. இந்தியா எஸ்ஸோ நிறுவனத்தைத் தன்வயமாக்கிய அதே 1974ஆம் ஆண்டில், டிரினிடாட் அரசு ஷெல் நிறுவனத்தின் உடைமைகளை வாங்கியது. 1985இல் டெக்சாகோவின் ஆலையும் அரசின் கைக்கு வந்தது. 1993இல் இவற்றை ஒருங்கிணைத்துப் பெட்ரோட்ரின் அமைக்கப்பட்டது. இங்கு ஒன்றைக் கருத வேண்டும். நாட்டின் எண்ணெய் உற்பத்தி 1978இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,30,000 பீப்பாய் என்னும் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இறங்கத் தொடங்கியது. அரசுக்குக் கிடைத்தது, வளம் குன்றத் தொடங்கிய வயல்களும் வயதான ஆலையுமே.

மூடப்பட்ட காலத்தில் நிறுவனத்தின் சொந்த உற்பத்தி நாளொன்றுக்குச் சுமார் 40,000 பீப்பாய். ஆலையின் திறனோ 1,60,000 பீப்பாய்க்கும் மேல். இடைவெளியை நிரப்ப அயல்நாட்டுக் கச்சா எண்ணெயை உலகச் சந்தை விலைக்கு வாங்கிச் சுத்திகரித்து விற்க வேண்டியிருந்தது. இத்தகைய வாணிபத்தில் ஆலை புதியதாகவும் திறன் மிக்கதாகவும் இருந்தாலன்றி இலாபம் நிற்பதில்லை. ஆலையைப் புதுப்பிக்கும் திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. பெட்ரோல் தரத்தை உயர்த்தும் திட்டம் மதிப்பீட்டைப் பன்மடங்கு விஞ்சியது. கந்தகம் மிகக் குறைந்த டீசலுக்காக எழுப்பிய பிரிவு இயக்கத்திற்கு வரவேயில்லை. இயற்கை வாயுவிலிருந்து திரவ எரிபொருள் எடுக்கும் கூட்டு முயற்சி கைவிடப்பட்டது. கடன் மட்டும் தங்கிற்று. 2009இல் வெளியிட்ட 85 கோடி அமெரிக்க டாலர் கடன் பத்திரங்களுக்கு 2019 ஆகஸ்டில் முதல் முழுவதையும் ஒரே தவணையில் திருப்ப வேண்டும். நெருக்கடியை முடுக்கிவிட்டது இந்தத் தேதியே என்று சொல்வது மிகையாகாது.

2018 ஆகஸ்ட் 28 அன்று, சுத்திகரிப்பை நிறுத்துவதென்ற முடிவை நிர்வாகக் குழு அறிவித்தது. ஐந்தாண்டுகளில் 800 கோடி டிரினிடாட் டாலர் நட்டம். கடன் 1,200 கோடி. தொடர்ந்து நடத்த 2,500 கோடி தேவை. அவ்வளவும் இட்ட பின்னரும் ஆண்டுக்கு 200 கோடி நட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. இவையே காட்டப்பட்ட கணக்குகள். ஊதியச் செலவு மிகுதி என்பதும் ஒரு குற்றச்சாட்டு. ஊதியம் மிகையாயிருந்திருக்கலாம். எனினும் இயங்காத டீசல் பிரிவைத் திட்டமிட்டவரோ, பத்திரங்களின் தவணையை வகுத்தவரோ தொழிலாளர் அல்லர். 2017 தொடக்கத்தில் வேலைநிறுத்த எச்சரிக்கையை அடுத்து 5 விழுக்காடு ஊதிய உயர்வுக்கு உடன்பாடு கண்டவர்கள், இரண்டாண்டு நிறையுமுன் வேலையையே இழந்தனர்.

ஆலைத் தொழிலாளரோடு நிற்கும் என்று தொடக்கத்தில் பலர் எண்ணிய நடவடிக்கை, நிறுவனம் முழுவதையும் தழுவியது. எண்ணெய் எடுக்கும் பிரிவு வருவாய் ஈட்டக்கூடியது என்று அரசே கூறிற்று; எனினும் அப்பிரிவினரும் விலக்கப்பட்டனர். நிரந்தரத் தொழிலாளரும் தற்காலிகத் தொழிலாளருமாக ஏறத்தாழ 5,000 பேரின் பணி 2018 நவம்பர் 30க்குள் முடிவுற்றது. எண்ணெய் எடுப்புக்கு ஹெரிடேஜ், எரிபொருள் இறக்குமதிக்குப் பாரியா எனப் புதிய நிறுவனங்கள் பிறந்தன. அவற்றில் சேர விரும்பியோர் புதியவர்களைப் போல் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பல்லாண்டுப் பணித் தொடர்ச்சி ஒரே நாளில் அறுந்தது. சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமும் பழைய நிறுவனத்தோடு பின்தங்கிற்று.

சங்கம் செப்டம்பர் 7 அன்று, வீட்டிலிருந்து சிந்திக்கும் ஓய்வு நாள் ஒன்றை அறிவித்தது. தொழில் நீதிமன்றம் அக்டோபரில் விதித்த இடைக்காலத் தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. மூடும் முடிவை எடுத்த பிறகு அதன் நிபந்தனைகளைப் பேசுவது கலந்தாலோசனை ஆகுமா என்பதே வழக்கின் உட்பொருள்.

அந்நாட்டிற்கு இது முதல் அனுபவமும் அன்று. 2003இல் கரோனி என்னும் அரசுச் சர்க்கரை நிறுவனம் மூடப்பட்டபோது, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினர். பெரும்பாலோர் இந்திய மரபினர். ஈட்டுத்தொகையோடு, பயிரிட இரண்டு ஏக்கர் குத்தகை நிலமும் வீட்டு மனையும் தருவதாக அரசு வாக்களித்தது. பணம் வந்தது, நிலம் வரவில்லை. நீதிமன்றம் சென்றும், நிலத்தைக் கண்ணால் காணப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஈட்டுத்தொகை கரைந்தவரும் உண்டு. முதுமை எய்தியவரும் உண்டு. இத்தனை கண்ட பின்னரும் 2018இல் மூன்று மாதக் கால எல்லை போதுமென்று கருதப்பட்டது வியப்பளிக்கிறது.

இந்தியச் சட்டம் வேறு வழியை வகுத்தது. 1976இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அத்தியாயம், பெரிய தொழிற்கூடத்தை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. மூடுதல் பற்றிய பிரிவை 1978இல் எக்செல் வேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1982இல் அது திருத்தி எழுதப்பட்டது. 90 நாள்களுக்கு முன் காரணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தின் படி தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் செல்ல வேண்டும். 100 தொழிலாளர் என்றிருந்த வரம்பை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு 300 ஆக உயர்த்தியுள்ளது. இவ்வேற்பாட்டில் இளம் அதிகாரிகள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மத்தியப் பொதுத்துறை நிறுவனம் மூடப்படும்போது, அனுமதி கேட்பவரும் அனுமதி தருபவரும் ஒரே அரசின் இரு துறைகளாகவே இருக்கின்றனர். அந்நிலையில் கோப்பில் இடம்பெறும் தொழிலாளர் தரப்புக் குறிப்புக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

பெட்ரோட்ரினுக்குப் பிந்திய கதையும் நீண்டது. ஹெரிடேஜ் இலாபம் காட்டியது. கடன் பத்திரங்கள் மறுசீரமைக்கப்பட்டன. ஆகவே மூடியவர்களின் கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. மறுபுறம், நூறாண்டு எரிபொருள் விற்ற நாடு தன் வாகனங்களுக்கு முழுவதையும் இறக்குமதி செய்யலாயிற்று. ஆலையை வாங்கத் தொழிலாளர் சங்கத்தின் நிறுவனமே 2019இல் 70 கோடி அமெரிக்க டாலருக்கு முன்வந்து தேர்வும் பெற்றது. நிதி ஏற்பாட்டில் இழுபறி நேர்ந்து பேச்சு முறிந்தது. 2025 தொடக்கத்தில் நைஜீரிய நிறுவனம் ஒன்று தேர்வாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் தேர்தலில் ஆட்சி மாறவே, ஆலையை மீண்டும் இயக்க இயலுமா என்று ஆராயப் புதிய அரசு குழு ஒன்றை அமைத்தது. ஏழாண்டுக் கடற்காற்றில் நின்ற குழாய்களையும் கலன்களையும் பொறியாளர் அளந்து மதிப்பிட்டுவிட முடியும். ஒவ்வொரு பிரிவின் இயல்பையும் கையால் அறிந்திருந்த இயக்குநர்கள் இப்போது எங்கெங்கு இருக்கிறார்கள் என்பதை அறிவது மட்டும் அத்துணை எளிதன்று.