நோயில்லாத நோயாளி

திருவிழாக் கூத்தில் ராஜா வேடம் கட்டியவரைப் பார்த்திருக்கிறோம். நோயாளி வேடம் ஏற்று, மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்று அவர்களைப் பற்றிப் பார்ப்போம்.

1963ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இம்முறையைத் தொடங்கினார். ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக அமரும் பெண் ஒருவரை, இரு கால்களும் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பழக்கினார். மாணவர்கள் ஒவ்வொருவரும் அதே நோயாளியைச் சோதித்தார்கள். ஒவ்வொருவர் திறமையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தது. மாணவர் தவறு செய்தாலும் மெய்யான நோயாளிக்குத் துன்பமில்லை.

இதில் மாணவர் தாமாகக் கற்பது எப்படி? ஓர் உதாரணம் சொல்கிறோம். இனிப்புநீர் நோயுள்ள ஓர் அம்மாளாக ஒருவர் நடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கால் எரிகிறது" என்று மட்டும் சொல்வார். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று மாணவர் அவசரமாகக் கேட்டால், "ஆமாம் ஐயா" என்பார். "மாத்திரை சாப்பிட முடியாமல் போகும் நாளும் உண்டா அம்மா?" என்று பரிவோடு கேட்டால்தான், மறுமுறை கிளினிக்குக்குப் போகும்வரை வர வேண்டுமே என்று பாதி மாத்திரையாகச் சாப்பிடுவது வெளியே வரும்.

கால் ஏன் எரிகிறது என்று மாணவருக்குத் தெரியாவிட்டால், "சற்று நிறுத்துவோம்" என்று சொல்லலாம். நடிப்பவர் எதையும் கேளாதவர்போல் அமைதியாக இருப்பார். மாணவர்கள் தங்களுக்குள் பேசி, தெரியாததைக் குறித்துக்கொள்வார்கள். ஆசிரியர் உடனே விடை சொல்லமாட்டார். மாணவர்களே நூலகம் சென்று, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் நரம்புகள் கெடும் என்பதைத் தேடிப் படித்து வருவார்கள். மறுநாளும் அதே அம்மாள் காத்திருப்பார். தாமே தேடி அறிந்தது எளிதில் மறக்காது.

முடிவில் வேடம் கலைந்து, "தம்பி, நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக் கேட்டீர்கள். அதனால் சொல்ல மனம் வரவில்லை" என்று அவர் சொல்வார். இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் இம்முறை உண்டு. நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. டாக்டர் ஏசுவாரோ என்று பயந்து பாதியை விழுங்கிவிடுகிறோம். கேட்கக் கற்றுக்கொள்வது அவர்கள் கடமை என்றால், மறைக்காமல் சொல்வது நம் கடமை.

வீட்டில் தாதிப் பயிற்சி பெறும் மகள் இருந்தால், ஒரு மாலைப்பொழுது அம்மா நோயாளியாக அமரட்டும். மகள் கேட்கட்டும். முடிந்ததும், எந்தக் கேள்வி மனத்தைத் திறந்தது, எது மூடியது என்று அம்மா சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகாத தாயும் அந்த வேளையில் ஓர் ஆசிரியைதான்.