வெயிலும் சினைப்பசுவும்

சித்திரை மாதத்து நண்பகலில், அறுவடை முடிந்த வயலிலே கட்டையிற் கட்டப்பட்டு நிற்கும் பசுவைக் காணாதவர் நம் வட பகுதியில் இலர். வாயைத் திறந்து, நுரை ஒழுக, அது விரைந்து மூச்சு வாங்கும். அவ்வாறு நிற்பவற்றுட் பல, பால் வற்றிய சினைப்பசுக்கள். கறக்கும் பசுவுக்குக் கொட்டில் நிழலும் புண்ணாக்கும். கறவாத பசுவுக்கு வெட்டவெளியும் வைக்கோலும் என்பது பல வீடுகளின் வழக்கம். இவ்வழக்கத்தினால் இழப்பது எவ்வளவு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பசுவின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ் ஆகும். மனிதனைப் போல் வியர்வை பெருக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. மேலும், உண்ட தீனி வயிற்றில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது; பால் சுரக்கும் தொழிலும் வெப்பத்தை விளைவிக்கிறது. ஆதலின், மிகுதியாகப் பால் தரும் பசுவே வெயிலால் மிகுதியாக வருந்துகிறது. குளிர்நாட்டுப் பிறீசியன் இனத்திலும் யேர்சி சற்றுத் தாங்கும். திமிலுடைய நாட்டு மாடும் சாகிவாலும் இன்னும் நன்கு தாங்கும். காற்றில் ஈரப்பதன் கூடினால் வியர்வை உலர்வது தடைப்படுதலால், அதே வெயில் மேலும் கொடியதாகும்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். இக்காலத்தில் வெப்பத்தின் தீமை மிகுந்து தாக்கும் வேளைகள் இரண்டு. ஒன்று தொடக்கம், மற்றையது முடிவு.

தொடக்கத்தைப் பற்றிப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 1993 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சினைப்படுத்திய மறுநாள் வெப்பத்துக்கு ஆளான பசுக்களில் உயிருள்ள முளையங்கள் குறைந்தன. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாட்களில் வந்த வெப்பமோ அத்தகைய கேட்டினைச் செய்யவில்லை. கருவானது சில நாட்களுக்குள்ளேயே வெப்பத்தைத் தாங்கும் வலிமையைப் பெற்றுவிடுகிறது என்பது இதனாற் புலனாகும். முதல் நாட்களில் அழிந்த கருவை எவரும் காண்பதில்லை. ஏறத்தாழ 21 நாட்களிற் பசு மீண்டும் பருவத்துக்கு வரும். உடையவர் சினைப்படுத்தியவரைக் குறை கூறுவார். இருமுறை, மும்முறை இவ்வாறு நேரின், மலடு என்று எண்ணி நல்ல பசுவையே விற்றுவிடுவார். குற்றம் பசுவினிடத்தில் இல்லாமல் வெயிலினிடத்தில் இருந்திருக்கக்கூடும்.

முடிவுக் காலமாவது, கன்று ஈனுதற்கு முந்திய இரண்டு மாதங்கள். பசு ஓய்ந்திருப்பதாக நாம் கருதும் இக்காலத்திலேதான் கன்று விரைந்து வளர்கிறது. மடியிலே பழைய கலங்கள் அழிந்து புதியன உண்டாகின்றன. வெப்பம் மிகும்போது தோலை நோக்கிக் குருதி பெருகுவதால், கருப்பைக்குச் செல்லும் குருதி குறைகிறது. கன்று சில நாட்கள் முந்திப் பிறக்கிறது. அதன் நிறையும் குறைகிறது. கடும்புப்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களை உறிஞ்சும் திறனும் அதற்குக் குன்றுகிறது. புளோரிடாவில் நிகழ்ந்த ஆய்வுகளில், நிழலோடு நீர்த்தூவலும் விசிறியும் பெற்ற வற்றுப்பசுக்கள், நிழல் மாத்திரம் பெற்றவற்றினும் நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோகிராம் வரை கூடுதலாகப் பின்னர்ப் பால் தந்தன. அவை பெரும்பால் தரும் பிறீசியன் வகைப் பசுக்கள். நம் பசுக்களுக்கு அதே கணக்குப் பொருந்தாது. எனினும் நெறி ஒன்றே. வியப்புக்குரியது யாதெனில், கருவில் வெப்பமுற்ற கிடாரிக் கன்று வளர்ந்து தாயானபின் அதுவும் குறைவாகவே பால் தருகிறது என்பதாகும். ஒரு கோடையின் கேடு இரு தலைமுறையைத் தொடர்கிறது.

இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவுடையதன்று. வேம்பின் நிழல், பூவரசின் நிழல் ஆகியவை எங்கும் உண்டு. கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக அமையின் வெயில் உள்ளே மிகுதியாகப் புகாது. தகரக் கூரையின்மேற் கிடுகு பரப்புவது நன்று. சோளகக் காற்று வரும் பக்கத்தை அடைக்காது விடுதல் வேண்டும். உடலில் நீர் ஊற்றினால் மாத்திரம் போதாது. அது உலர்வதற்குக் காற்றும் வேண்டும். குடிநீர் எந்நேரமும் நிழலில் இருத்தல் இன்றியமையாதது. பெரிய பாற்பசுவொன்று வெப்பநாளில் 100 லீற்றர் வரையும் குடிக்கக்கூடும். தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் இடுக. வெயிற்காலத்திற் பருவக்குறிகள் மங்கி, பெரும்பாலும் இரவிலேயே தோன்றுமாதலால், இரவிலும் வைகறையிலும் பசுவைக் கவனித்தல் நலம். சினைப்படுத்தியபின் அதனை நெடுந்தூரம் வெயிலில் நடத்தாது, சில நாட்களேனும் நிழலிற் கட்டுக.

ஒரு பசுவின் பாலைக்கொண்டு பிள்ளைகளின் கொப்பிகளையும் அரிசியையும் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு ஒரு கன்று தவறுதல் ஓராண்டு வருவாய் தவறுதலாகும். வற்றிய மடியைக் கண்டு பசு ஓய்ந்துவிட்டது என்று எண்ணற்க. அடுத்த ஆண்டின் பாலை அது அப்பொழுதே ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கிறது. கறக்கும் பசுவுக்குக் கொடுக்கும் நிழலில் ஒரு பங்கையேனும் கறவாத அப்பசுவுக்கும் கொடுப்போமாக.