பழைய மெக்கின்டாஷும் நம் அமானிதமும்

(நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)





பரணில் கிடக்கும் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதோடு இருக்கும் ஃபிளாப்பிகளில் மர்ஹூமான வாப்பாவின் கடை வரவு செலவு இருக்கலாம். யாரிடம் வாங்கினார், யாருக்குத் தர வேண்டும் என்ற குறிப்பு இருக்கலாம். மய்யித்தின் கடனை அடைத்த பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு. அந்த வகையில் அந்த ஃபிளாப்பி பிறருடைய ஹக்கைச் சுமக்கும் அமானிதம்.

முதல் எச்சரிக்கை இது. மெக்கின்டாஷில் பதிந்த ஃபிளாப்பியை விண்டோஸ் கணினியில் போட்டால், "ஃபார்மட் செய்யவா?" என்று அது கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் உள்ளே இருப்பது போய்விடும். ஃபிளாப்பியின் மூலையில் உள்ள சிறு தாழை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போது அதில் எதுவும் எழுத முடியாது.

பழைய கோப்பைத் திறக்க அந்தக் கணினியே ஓட வேண்டும். அது ஓட சிஸ்டம் மென்பொருள் வேண்டும். சிஸ்டம் 6.0.8, 7.5.3 ஆகியவற்றை ஆப்பிள் நிறுவனமே முன்பு கட்டணமின்றி இணையத்தில் வழங்கியது. மற்ற மென்பொருள்களை எடுக்கும் முன் அனுமதி உண்டா என்று பாருங்கள். பழையது என்பதற்காக உரிமை இல்லாமல் போய்விடாது.

அடுத்து, உங்கள் கணினி எந்த வகை என்று பாருங்கள். 1986-இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸ் 800 கிலோபைட் வரையிலான ஃபிளாப்பியை மட்டுமே ஏற்கும். 1990-இல் வந்த கிளாசிக் 1.44 மெகாபைட் ஃபிளாப்பியையும் ஏற்கும். 800 கிலோபைட் வகையில், தட்டு சுழலும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். இன்று கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒரே வேகத்தில் சுழல்வதால் அதை எழுதவே முடியாது. 1.44 வகையை மட்டும் எழுதலாம்.

இறக்கிய இமேஜ் கோப்பை ஃபிளாப்பிக்குள் சாதாரணமாகக் காப்பி செய்தால் கணினி அதிலிருந்து துவங்காது. வட்டின் முதல் பகுதியிலிருந்து கடைசி வரை வரிசையாக எழுத வேண்டும். லினக்ஸில் டிடி என்ற கட்டளை இதைச் செய்யும். அதற்கு முன் கோப்பின் அளவைப் பாருங்கள். சரியாக 1,474,560 பைட் இருந்தால் அப்படியே எழுதலாம். 1,474,644 என்றிருந்தால், அது டிஸ்க் காப்பி 4.2 இமேஜாக இருக்கும். அதன் முன்னால் உள்ள 84 பைட் தலைப்பை நீக்கிவிட்டு எழுதுங்கள். எந்த டிரைவுக்கு எழுதுகிறோம் என்பதை இருமுறை சரிபாருங்கள். தவறிக் குறிப்பிட்டால் உங்கள் வன்தட்டே அழிந்துவிடும்.

பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு பாலம் வேண்டும். 1.44 டிரைவ் உள்ள மெக்கின்டாஷ் இரு வகையையும் எழுதும். 800 கிலோபைட் இமேஜை 1.44 ஃபிளாப்பியில் அதற்குக் கொண்டுபோய், அங்கே டிஸ்க் காப்பி மூலம் எழுதுங்கள். சுருக்கிய கோப்பை விண்டோஸில் விரிக்காதீர்கள். மெக்கின்டாஷ் கோப்புக்கு இரு பகுதிகள் உண்டு. விண்டோஸில் விரித்தால் ஒன்று தொலைந்துவிடும். மெக்கின்டாஷிலேயே விரியுங்கள். 1.44 ஃபிளாப்பியின் துளையை ஒட்டி 800 ஆகப் பயன்படுத்துவதும் நம்பகமானதல்ல. இரண்டின் காந்தப் பூச்சும் வேறு.

கிளாசிக் உள்ளவர்களுக்கு ஒரு நற்செய்தி. கமாண்ட், ஆப்ஷன், எக்ஸ், ஓ ஆகிய நான்கு விசைகளையும் அழுத்திக்கொண்டே இயக்கினால், ஃபிளாப்பி இல்லாமலே உள்ளிருக்கும் சிஸ்டம் 6.0.3 துவங்கும்.

வாப்பாவின் ஃபிளாப்பியை முதலில் போடாதீர்கள். டிரைவின் தலைப்பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வேண்டாத ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகே அதைத் தொடுங்கள். படித்ததும் பிரதி எடுத்து, குடும்பத்தார் இருவரிடம் கொடுங்கள். கணினியின் பெட்டியைத் திறக்கும் வேலை பிள்ளைகளுக்கு வேண்டாம். படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.