தொண்டும் அதன் எல்லையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மூசியாற்றங்கரையிலுள்ள இம்மாநகருக்குப் பிழைப்பு நாடி வந்த நம்மில் பலருக்கு இன்று கணிப்பொறியே தொழில். ஆதலின் அத்துறையில் எழுந்துள்ள ஓர் அறவினாவை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். பழைய கணிப்பொறிகளுக்குத் தொண்டர்கள் நெடுங்காலம் அளித்துவந்த ஆதரவை நிறுத்திக்கொள்வது முறையா என்பதே அவ்வினா.

கணிப்பொறியின் உறுப்புகளை இயக்கி, ஏனைய மென்பொருள்களுக்கு இடங்கொடுத்து நிற்பது இயங்குதளம். அதனை விலைக்கு விற்கும் நிறுவனங்கள் உண்டு. விலையின்றி ஆக்கி உலகிற்கு வழங்கும் தொண்டர் குழாங்களும் உண்டு. 1993இல் இயான் மர்டாக் என்பார் தொடங்கிய டெபியன் அக்குழாங்களுள் தலைசிறந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே.

அந்த டெபியன், 2025 ஆகஸ்டு 9ஆம் நாள் தன் 13ஆம் பதிப்பை வெளியிட்டது. 32 பிட் இன்டெல் வகைப் பொறிகளில் அதனை நிறுவுதற்கு வேண்டிய கெர்னல் என்னும் உட்கருவையும் நிறுவுமென்பொருளையும் இனி வழங்குவதில்லை என்றது. அப்பொறிகளை உடையோர் புதிய பதிப்பிற்கு மாறற்க; இயலுமாயின் 64 பிட் வடிவத்தை நிறுவிக்கொள்க; இயலாதாயின் பொறிக்கு ஓய்வளிக்க என்பது அதன் அறிவுரை.

இதனைக் கேட்டவுடன் நம் உள்ளம் வருந்துவது இயல்பு. புதுப் பொறி வாங்கப் பொருளில்லாத மாணவனுக்கும், பிறர் கழித்த பொறியைக் கொண்டு பாடம் நடத்தும் சிற்றூர்ப் பள்ளிக்கும் லினக்ஸ் அன்றோ கைகொடுத்தது? வணிகர் கைவிட்டபோது தாங்கிய தொண்டரே கைவிடலாமா? இக்கேள்வியில் நியாயம் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராது நின்ற பொறியை இணையத்தில் இணைப்பது தாழில்லாத வீட்டில் உறங்குவதை ஒக்கும்.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். டெபியனின் 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 மென்பொருள் தொகுப்புகள் உள்ளன. ஒவ்வொரு வகைப் பொறிக்கும் அவற்றைத் தனித்தனியே உருவாக்குதல் வேண்டும். பிழை காணுமிடத்து ஆராய்ந்து திருத்துதல் வேண்டும். பழம்பொறிகளை வைத்துச் சோதிப்போர் அருகிவிட்டனர். அன்றியும், 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் 32 பிட் கணக்கு, 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும். ஏனைய 32 பிட் வகைகளுக்கு அக்கணக்கை அகலப்படுத்திய டெபியன், பழைய மென்பொருள்கள் இயங்காமற்போகும் என்பதால் இன்டெல் 32 பிட் வகைக்கு மட்டும் அதனை மாற்றாது விட்டது.

நம் நாட்டில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். ஊரார் கூடித் தம் உழைப்பால் ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காத்தனர். உழைப்போர் குறைந்தால் கரை தளரும். அப்போது எஞ்சிநிற்கும் நால்வரை நோக்கி, “ஏன் வாரவில்லை?” என்று கேட்பது எளிது. “யாம் ஏன் செல்லவில்லை?” என்று தம்மைக் கேட்டுக்கொள்வோர் சிலரே. தொண்டர் எனப்படுவோர் கூலியாள் அல்லர். தம் வேலை முடிந்த இரவிலும் விடுமுறை நாளிலும் அளிக்கும் உழைப்பிற்கு எல்லை உண்டு. ஒன்றை விடாது மற்றொன்றைப் பற்ற இயலாது.

இத்தகைய விடுதல் புதிதுமன்று. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 பொறியில்தான். அந்த 386க்குரிய ஆதரவே 2012 டிசம்பரில் நீக்கப்பட்டது. தான் பிறந்த தொட்டிலையே லினக்ஸ் விட்டு வந்தது.

ஆதலின், நிறுத்துவது குற்றமன்று. நிறுத்தும் முறையிலேயே அறம் இருக்கிறது என்பது என் துணிபு. சொல்லாமற் போவது வேறு, சொல்லி விடைபெறுவது வேறு. டெபியனின் வெளியீட்டுக் குழுவினர் 2023 டிசம்பரிலேயே இம்மாற்றம் வருவதை அறிவித்துவிட்டனர். மூலநிரலையும் அவர்கள் பூட்டிவைக்கவில்லை. ஆர்வமும் ஆற்றலும் உடையோர் எவரும் அப்பணியை ஏற்றுத் தொடரலாம். வணிக நிறுவனம் கதவை அடைத்தால் சாவியும் அதனிடமே இருக்கும். இங்கோ சாவி ஊர்ப்பொதுவில் இருக்கிறது.

இனி நாம் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, பழைய பொறி என்றவுடன் அதனைக் குப்பையில் எறிய வேண்டா. 64 பிட் புராசஸர் இருந்தும் 32 பிட் இயங்குதளம் நிறுவப்பட்ட பொறிகள் உள்ளன. அவற்றிற்கு மறுநிறுவலே போதும். ஆட்டம் என்270, என்280 புராசஸர் கொண்ட சிறு மடிக்கணினிகள் போன்றவை மெய்யாகவே 32 பிட் பொறிகள். அவற்றிற்கு நெட்பிஎஸ்டி போன்ற வேறு தொண்டர்களின் இயங்குதளம் உதவக்கூடும். அடுத்து, அலுவலகங்கள் கழிக்கும் 64 பிட் பொறிகளை முறைப்படி பெற்று, செப்பனிட்டு, மாணவர்க்கு வழங்கும் பணியை நம் சங்க இளைஞர் மேற்கொள்ளலாம். இவ்வூரிலேயே தெலுங்கு மொழியில் இயங்குதளம் ஆக்கிய சுவேச்சா அமைப்பினர் காட்டிய ஊக்கம் நமக்கும் வரத்தக்கதே.

எல்லாவற்றினும் மேலாக, பெறுவோராக மட்டும் இருந்துவிடாது, தொண்டில் ஒரு சிறு பங்கையேனும் ஏற்போமாக. ஒரு பிழையைக் கண்டு தெளிவாக எழுதி அறிவிப்பதும் தொண்டே. ஒரு விளக்கத்தைத் தமிழில் தருவதும் தொண்டே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்தவர்கள் ஒரு சுமையை இறக்கி வைக்கின்றனர். அவர்களுக்கு நன்றி கூறுவோம்; இன்னும் அவர்கள் தோளிலிருக்கும் சுமைக்குத் தோள்கொடுப்போம்.