விதை மரமும் ஒட்டு மரமும் கூறும் பாடம்

(தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

சென்ற முறை நான் இங்கு உரையாற்றி முடித்ததும் ஒரு தாயார் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஐயா, எனக்கு நான்கும் பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளை பிறக்காததற்கு என் வயிறே காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது மெய்தானா?" என்று வினவினார். "இல்லை அம்மா" என்று மட்டும் அன்று விடையளித்தேன். அதற்கு உரிய முழு விளக்கத்தைக் கூறுவதே இன்றைய உரையின் நோக்கமாகும். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் பயிலும் பிள்ளைகளுக்கு இது தேர்வுப் பாடம். நமக்கோ இது குடும்ப வாழ்க்கைப் பாடம்.

நீங்கள் நன்கறிந்த ரப்பர் மரத்திலிருந்தே தொடங்குவோம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. தொடக்க காலத் தோட்டங்கள் யாவும் விதையிலிருந்து வளர்ந்த மரங்களைக் கொண்டவையே. ஒரே நிரையில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் தரும். அடுத்த மரமோ அடியைக் கூட நனைக்காது. நல்ல பால் தரும் மரத்தின் விதையை ஊன்றினாலும், முளைக்கும் கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று உறுதி கூற இயலவில்லை.

பின்னர் கண் ஒட்டும் முறை வந்தது. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து, இளங்கன்றின் தண்டில் ஒட்டி, அம்மொட்டு பிடித்தபின் மேற்பகுதியை வெட்டிவிடுகிறோம். மொட்டிலிருந்து எழும் மரம், மொட்டு தந்த மரத்தின் இயல்புகளை அப்படியே கொண்டிருக்கிறது. புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனம், ஜிர் 1, பி.பி. 86 என்னும் இரு இனங்களின் சேர்க்கையில் ஒரு விதையிலிருந்து தோன்றியது. அந்த ஒரே மரத்தின் மொட்டு வழியாகவே அது எத்தனையோ தோட்டங்களில் பரவியது.

விதை மாறுவதும் ஒட்டு மாறாதிருப்பதும் ஏன்? எல்லா உயிர்களின் உடலும் உயிரணுக்களால் ஆனவை. உயிரணுவின் உட்கருவில் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. ரப்பர் மரத்திற்கு அவை 36, மனிதருக்கு 46. அவற்றில் அடங்கியுள்ள பொருளே டி.என்.ஏ. முறுக்கிய நூலேணி போன்ற அதன் வடிவத்தை 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் அறிஞர்கள் விளக்கினர். ரோசலிண்ட் பிராங்ளின் அம்மையார் எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் அதற்குப் பெருந்துணையாயின. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களே அந்த ஏணியின் படிகள். நான்கு எழுத்துகளால் எழுதிய நீண்ட கட்டளை ஏடு என்று அதனைக் கருதலாம். அவ்வேட்டின் ஒவ்வொரு கட்டளையும் ஒரு மரபணு ஆகும்.

ஒட்டு மரம் அந்த ஏட்டின் முழுப்படி. விதையோ மகரந்தம் தந்த மரத்திலிருந்து பாதியும் சூல் தந்த மரத்திலிருந்து பாதியும் பெறுவது. மனிதரும் விதை வழி வந்தவர்களே. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 குரோமோசோம்களை நாம் பெறுகிறோம். எந்தப் பாதி வந்து சேரும் என்பது ஒவ்வொரு கருவிலும் வேறுபடுவதால், ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இனி அத்தாயாரின் வினாவுக்கு வருவோம். அந்த 23 குரோமோசோம்களில் ஒன்று பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. பெண்ணிடம் உள்ளவை இரண்டும் எக்ஸ்; ஆணிடம் ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ளன. எனவே தாய் எப்பொழுதும் எக்ஸ் மட்டுமே தர முடியும். தந்தையின் பங்கு எக்ஸ் ஆயின் பெண். ஒய் ஆயின் ஆண். இதனால் தந்தைமீது பழி சுமத்தலாமா? அதுவும் தகாது. பூவா தலையா போடுவது போல் அது தானாக அமைவது. எவருடைய விருப்பத்திற்கும் உட்பட்டதன்று. நான்கு பெண்கள் பிறந்த வீட்டில் ஐந்தாவது பிள்ளைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதியே. பெண்ணைப் பெற்ற தாயைக் குறைகூறுவது அறியாமை. அறிந்த பின்னும் கூறுவது அநீதி.

மற்றொரு செய்தியையும் கூறியாக வேண்டும். சில மரபணுக்கள் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். கிரிகோர் மெண்டல் என்னும் துறவியார் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து இவ்வுண்மையை 1866ஆம் ஆண்டில் வெளியிட்டார். நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாயிற்று. அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு செடி குட்டையாக மீண்டும் தோன்றியது.

தலசீமியா என்னும் இரத்த நோயும் இவ்வாறே வருகிறது. பழுதுற்ற மரபணு ஒன்றை மட்டும் உடையவர் நம்மைப் போலவே உழைத்து நலமாக வாழ்வார். அவர் அதனைத் தாங்கி நிற்பவர் மட்டுமே. கணவன் மனைவி இருவரும் அத்தகையோராயின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளை நோயுடன் பிறக்கும். நோய் கடுமையாயின் அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற நேரிடும். உடலில் சேரும் இரும்புச் சத்தை நீக்கவும் மருந்து தேவைப்படும்.

நம்மிடையே தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பது பழைய வழக்கம். உறவினர் தம் மூதாதையரின் மரபணுக்களைப் பகிர்ந்திருப்பதால், மறைந்துள்ள ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. உறவில் மணந்தோர் அனைவருக்கும் நோயுற்ற பிள்ளை பிறக்கும் என்பது இதன் பொருளன்று. எனினும் எந்தத் திருமணமாயினும், சாதகம் பார்க்கும் குடும்பங்கள் இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்வது நலம். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இதற்கு வசதியுண்டு. மரபணுவைத் தாங்கியிருப்பது இழிவன்று. அறியாமல் இருப்பதே ஆபத்து. இருவரிடமும் இருப்பது தெரிந்தால் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யலாம்.

நண்பர்களே, கன்றை ஊன்றுமுன் அது எந்த மரத்தின் ஒட்டு என்று விசாரிக்கிறோம். நம் குடும்பத்திற்கும் அதே கவனம் வேண்டும். இன்று இல்லம் திரும்பியதும், அறிவியல் பயிலும் உங்கள் பிள்ளையை அழைத்து இப்பாடத்தை மீண்டும் சொல்லச் செய்யுங்கள். பாட்டியும் மாமியாரும் அருகில் அமர்ந்து கேட்கட்டும்.