அக்குள் கட்டியை மறைக்காதீங்க
(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

சேமிப்பு, கடன், வசூல் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது அக்குளில் வரும் கட்டியைப் பற்றி. சிரிக்காதீங்க. நம்மில் பலருக்கு வந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டோம்.

எங்களுடையது தையல் குழு. பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருந்த நேரம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டுக்காரர் ரேசரை எடுத்து, தண்ணிகூடத் தொடாமல் அக்குளை மழித்தேன். ரெண்டு நாளில் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கொப்புளம். ஒரே அரிப்பு. மேலே இறுக்கமான ஜாக்கெட், போதாததுக்கு வேர்வை. அதில் ஒன்று கட்டியாகப் பழுத்தது. யாரிடமும் சொல்ல வெட்கம். சின்ன வயசில் பார்த்த பழக்கத்தில் சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைச்சுப் போட்டேன். தோல் வெந்து போச்சு. அப்புறம் நகத்தால் பிதுக்கினேன். மறுநாளே காய்ச்சல், கையைத் தூக்க முடியலை. என் பங்குத் துணியைக் குழுப் பெண்கள் ராத்திரி கண்விழித்துத் தைத்தார்கள். அவர்களிடம்கூட "கை சுளுக்கு"ன்னு பொய்தான் சொன்னேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சர்க்கரை பார்த்திருக்கீங்களா?" பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் இப்படிக் கட்டி அடிக்கடி வரும், ஆறவும் நாளாகும் என்று சொன்னாங்க.

அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு முடியும் ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கிறது. அதுதான் மயிர்க்கால். மழிக்கும்போதும், துணி உரசும்போதும் அங்கே தோல் கீறி, கிருமி உள்ளே போய் சீழ் பிடிக்கிறது. கொப்புளம் சின்னதாக இருக்கும்போதே கவனித்தால் பெரும்பாலும் வீட்டிலேயே ஆறிவிடும்.

தினம் ரெண்டு வேளை சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுங்க. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்க. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். ஒத்தடத் துணியைத் தனியாகத் துவைத்து வெயிலில் காய வையுங்க. தளர்வான பருத்தி ஜாக்கெட் போடுங்க. ஆறும்வரை மழிக்கவும் வேண்டாம், வாசனை ஸ்பிரே அடிக்கவும் வேண்டாம்.

பிதுக்காதீங்க, ஊசியால் குத்தாதீங்க. சீழ் எடுக்க வேண்டியிருந்தால் அது டாக்டர் வேலை. சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் படைக் களிம்பும் வேண்டாம். ரேசரும் துண்டும் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுத்துடலாம், கிருமியை வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது.

கட்டி பெரிதானாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கை தூக்க வலித்தாலோ தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போங்க. நாலைந்து நாளில் குறையவில்லை என்றாலும் போங்க. சர்க்கரை உள்ளவங்க அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் திரும்பத் திரும்ப வந்து தழும்பு விட்டால் அது வேறு நோயாக இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. இன்னொன்று ரொம்ப முக்கியம். வலியே இல்லாத கட்டி அக்குளில் தட்டுப்பட்டு ரெண்டு வாரத்தில் கரையவில்லை என்றால், மார்பகத்தையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்க.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வரும்போது "எனக்கு ஒண்ணுமில்லை"ன்னு கதவைச் சாத்தாதீங்க. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

குழுக் கூட்டத்தில் பத்து ரூபாய் கணக்கு இடித்தால்கூட எழுந்து கேட்கிறோம். உடம்பு வலித்தால் மட்டும் ஏன் வாய் மூடிக்கொள்ள வேண்டும்? அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. எனக்குச் சுளுக்கு இல்லைன்னு என் குழுப் பெண்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவர்களுக்கு என் நன்றி.